சென்னையின் முதல் கிண்ணம் ஏன் கணக்கில் இல்லை?

"சென்னை முதன்முதலா ரி20 கிண்ணம் எடுத்தது எந்த வருசம்?"

சாம்பல்தீவில எங்கட வீட்டு விறாந்தையில எல்லாருமா இருந்து ஐ.பி.எல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு இரவு, பெரியம்மாட மகன் கேட்ட கேள்வி இது. எங்கள் எல்லாருக்கும் மூத்த அண்ணன் அவர். 2010 எண்டு நாங்கள் ஒரே குரலில் சொன்னோம். மஞ்சள் சட்டைக்காரர் எங்களுக்கு அத்துப்படி. அண்ணன் சிரிச்சுக்கொண்டு "2007" எண்டார். ஐ.பி.எல் தொடங்கினதே 2008ல. அண்ணனுக்கு வயசு போட்டுது எண்டு பகிடி பண்ணினோம்.

பிறகு போனை எடுத்துத் தேடினால் அண்ணன் சொன்னதுதான் சரி. 2007 டிசம்பர் 16ஆம் திகதி, ஹரியானா மாநிலத்தின் பஞ்ச்குலா மைதானத்தில், சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் என்ற அணி சண்டிகர் லயன்ஸ் அணியை 12 ஓட்டங்களால் வென்று கிண்ணம் எடுத்திருக்கிறது. அவுஸ்திரேலியாவின் ஸ்டுவர்ட் லோ தலைவர். தமிழ்நாட்டின் ஹேமங் பதானி அதில் விளையாடினார். எங்கட ரஸல் ஆர்னோல்ட்கூட அந்த அணிக்காக விளையாடியவர். அந்தச் சுற்றுப்போட்டியின் பெயர் இந்தியன் கிரிக்கெட் லீக், சுருக்கமாக ஐ.சி.எல்.

ஆனால் அந்த லீக்கில் அடிக்கப்பட்ட ஓட்டங்கள், விழுத்தப்பட்ட விக்கெட்டுகள் ஒன்றுமே அங்கீகரிக்கப்பட்ட ரி20 பதிவுகளில் இல்லை. ஒரு வீரரின் மொத்த ரி20 ஓட்டங்களைப் பார்த்தால் அங்கே அடித்தது சேர்ந்திருக்காது. ஆயிரக்கணக்கான சனம் கண்ணால் பார்த்த மட்ச்சுகள். ஆனா நடக்காத மாதிரி.

அது ஏன் எண்டு தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

ஒரு தொலைக்காட்சிச் சண்டை

ஐ.சி.எல் கிரிக்கெட் மேல் கொண்ட காதலால் பிறந்த லீக் அல்ல. அதன் பின்னால் நின்றவர் சீ தொலைக்காட்சியின் அதிபர் சுபாஷ் சந்திரா. இந்தியாவில் நடக்கும் போட்டிகளை ஒளிபரப்பும் உரிமையை வாங்க அவரது நிறுவனம் பலதடவை முயன்று தோற்றது. 2004இல் கேள்விப்பத்திரம் போட்டு, அது இழுபறியாகி, வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. 2005 பெப்ரவரியில் தீர்ப்பு வந்தது: ஐந்து நீதிபதிகளில் மூவர், இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபை அரசியலமைப்பின் பார்வையில் 'அரசு' அல்ல என்றார்கள். அதாவது, நாட்டின் பெயரில் அணி தெரிவு செய்தாலும் அது ஒரு தனியார் சங்கம்தான். 2006இல் உரிமை மறுபடி விலைக்கு வந்தபோது நிம்பஸ் என்ற நிறுவனம் 61.2 கோடி டொலருக்கு எடுத்துக்கொண்டது.

மட்ச் காட்ட விடமாட்டீர்களா, அப்ப நானே மட்ச் வைக்கிறன் எண்டு சந்திரா முடிவெடுத்தார். 2007 உலகக் கிண்ணத்தில் இந்தியா முதல் சுற்றோடு வீட்டுக்கு வந்தது. (எங்கட ஆக்கள் இறுதிப்போட்டி வரைக்கும் போனது வேற கதை.) இந்திய ரசிகர்கள் கொதித்துப்போயிருந்த அந்த நேரம் பார்த்து, ஏப்ரல் மாதம் ஐ.சி.எல் அறிவிக்கப்பட்டது. 1983 உலகக் கிண்ணத்தை வென்ற கபில் தேவ் அதன் முகம். நகரங்களின் பெயரில் ஆறு அணிகள், வெளிநாட்டு வீரர்கள், ரி20 ஆட்டம், சம்பியனுக்குப் பத்து லட்சம் டொலர் பரிசு.

இதே வேலையை 30 வருசத்துக்கு முதல் அவுஸ்திரேலியாவில் கெரி பாக்கர் செய்திருந்தார். அவரும் ரீவிக்காரர்தான், அவருக்கும் ஒளிபரப்பு உரிமை கிடைக்கவில்லை, அவரும் 1977இல் வீரர்களைத் தூக்கித் தனிப் போட்டி நடத்தினார். வர்ணச் சட்டை, வெள்ளைப் பந்து, இரவு ஆட்டம் எல்லாம் பரவினது அவர் நடத்திய போட்டிகளால்தான். 1979இல் அவுஸ்திரேலியச் சபை அவரோடு சமாதானமாகி, ஒளிபரப்பு உரிமையையும் அவரிடமே கொடுத்தது. சந்திராவும் அப்படியொரு முடிவை எதிர்பார்த்திருக்கலாம். இந்தியச் சபை வேறு வழி எடுத்தது.

சபையின் பதில்

ஐ.சி.எல்லில் சேர்ந்தவர்கள் இனிச் சபையின் எந்தப் போட்டியிலும் விளையாட ஏலாது எண்டு அறிவிப்பு வந்தது. கபில் தேவ் தேசிய கிரிக்கெட் அக்கடமியின் தலைவர் பதவியில் இருந்து தூக்கப்பட்டார். மைதானங்கள் மூடப்பட்டன. இந்தியாவின் பெரிய மைதானங்களில் அநேகமானவை மாநிலச் சங்கங்களின் கையில் இருந்தன. அதனால்தான் முதல் சுற்றுப்போட்டி முழுவதும் மாநில அரசின் கீழ் இருந்த பஞ்ச்குலா மைதானம் ஒன்றிலேயே நடந்தது. சென்னை என்ற பெயரில் ஒரு அணி கிண்ணம் எடுத்தது, ஆனால் சென்னையில் ஒரு மட்ச்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அப்போது ரயில்வே அமைச்சராக இருந்த லாலு பிரசாத் யாதவ், ரயில்வே மைதானங்களைத் தரலாம் என்று சொன்னது அந்த நாளில் பெரிய செய்தி.

அதேநேரம் உள்ளூர்ப் போட்டிகளுக்கான பரிசுப் பணத்தைச் சபை கூட்டியது. 2007 செப்டெம்பர் 13இல் தனது சொந்த லீக்கை அறிவித்தது. அதுதான் ஐ.பி.எல். நகர லீக் யோசனை தன்னிடம் தொண்ணூறுகளிலேயே இருந்தது என்று லலித் மோடி சொல்லிவந்திருக்கிறார். இருக்கலாம். ஆனால் இத்தனை வருடம் தூங்கிய யோசனை, போட்டிக்கு ஒருவன் வந்த ஐந்தாவது மாதத்தில் எழும்பினது தற்செயல் எண்டு நம்புறது கஷ்டம்.

பதினொரு நாள் கழித்து ஜொஹன்னஸ்பேர்க்கில் தோனியின் அணி பாகிஸ்தானை 5 ஓட்டங்களால் வென்று முதலாவது ரி20 உலகக் கிண்ணத்தை எடுத்தது. ரி20 எண்டா என்ன எண்டு கேட்ட இந்தியா ஒரே இரவில் ரி20 பைத்தியமாகியது. 2008 ஜனவரியில் எட்டு ஐ.பி.எல் அணிகள் மொத்தம் 72 கோடி டொலருக்கு மேல் விலைபோயின. பெப்ரவரி ஏலத்தில் தோனியைச் சென்னை 15 லட்சம் டொலருக்கு எடுத்தது. புது அணிக்கு வைத்த பெயர் சென்னை சூப்பர் கிங்ஸ். முதல் அணியின் பெயர் சென்னை சூப்பர்ஸ்டார்ஸ். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஐ.சி.எல் 2008லும் நடந்தது. லாகூர், டாக்கா பெயர்களிலும் அணிகள் வந்தன. லாகூர் பாட்ஷாஸ் கிண்ணம் எடுத்தது. 2009இல் லீக் நின்றுபோனது. சம்பளப் பாக்கி இன்னும் வரவில்லை என்று பல வீரர்கள் முறைப்பட்டார்கள்.

அமெரிக்காவில் இதே படம், ஐந்து தடவை

கலைப்பீடத்தில் தொழிற்சங்க வரலாறு பற்றி ஒரு ஒப்படை செய்யும்போது அமெரிக்காவின் பேஸ்போல் பற்றி வாசிக்கக் கிடைத்தது. அந்த விளையாட்டு விளங்காட்டிலும் பரவாயில்லை, மட்டையும் பந்தும் போதும். ஐ.சி.எல் கதை முழுவதும் அங்கே 130 வருடங்களுக்கு முதலே எழுதப்பட்டிருக்கிறது.

1876இல் வில்லியம் ஹல்பர்ட் என்பவரும் அவரோடு சேர்ந்த கழக முதலாளிமாரும் நஷனல் லீக்கைத் தொடங்கினார்கள். அனுமதிச் சீட்டு 50 சதம், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இல்லை, மைதானத்தில் பியர் இல்லை. 1879இல் இவர்கள் தங்களுக்குள் ஒரு உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஒவ்வொரு கழகமும் ஐந்து வீரர்களை 'ஒதுக்கி' வைக்கலாம், அவர்களை மற்றக் கழகம் எதுவும் எடுக்கக்கூடாது. பார்க்கச் சின்ன விதி. ஆனால் இதன்படி, ஒரு வருட ஒப்பந்தம் முடிந்தாலும் வீரன் சுதந்திரமானவன் இல்லை. அதே முதலாளி சொல்லும் சம்பளத்துக்கு விளையாட வேண்டும், அல்லது விளையாட்டையே விடவேண்டும். பிறகு ஐந்து பேர் பதினொரு பேராகி, கடைசியில் எல்லா வீரருக்கும் இதே கதி. அதைத்தான் ரிசேர்வ் விதி என்பார்கள்.

இந்த லீக்கை எதிர்த்து ஐந்து பெரிய போட்டி லீக்குகள் வந்தன.

முதலாவது, 1882இல் வந்த அமெரிக்கன் அசோசியேசன். 25 சதச் சீட்டு, ஞாயிறு ஆட்டம், பியர். வேலை செய்து களைத்த சனம் அங்கே போனது. பயந்துபோன நஷனல் லீக் அடுத்த வருடமே சமாதானம் பேசியது. சமாதானத்தின் சாரம்: உன் வீரனை நான் எடுக்கமாட்டேன், என் வீரனை நீ எடுக்காதே. ரிசேர்வ் விதியை இரண்டு லீக்கும் பங்கிட்டுக்கொண்டன.

இரண்டாவது, 1884இல் சென் லூயிஸ் நகரத்துப் பணக்காரர் ஹென்றி லூக்காஸ் தொடங்கிய யூனியன் அசோசியேசன். ரிசேர்வ் விதியை ஏற்கமாட்டோம் என்ற அறிவிப்போடு வந்தது. அவருடைய சொந்த அணி 94 ஆட்டம் வென்று 19 மட்டும் தோற்றது. அப்படியொரு லீக்கை ஆர் காசு கொடுத்துப் பார்ப்பினம்? ஒரே சீசனில் முடிந்தது. இங்கேதான் கவனிக்கவேண்டும்: அடுத்த வருடம் லூக்காஸின் அணி நஷனல் லீக்கிலேயே சேர்த்துக்கொள்ளப்பட்டது. அவரை நம்பிக் கழகம் மாறிப்போன வீரர்களோ கறுப்புப் பட்டியலில் போடப்பட்டு, தண்டப்பணம் கட்டித்தான் திரும்பிவர வேண்டியிருந்தது.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. ஜோன் மொன்ட்கொமரி வார்ட் என்ற வீரர், விளையாடிக்கொண்டே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். 1885இல் அவர் தலைமையில் வீரர்கள் சங்கம் அமைத்தார்கள். பேஸ்போல் வீரன் முதலாளியின் உடைமையா என்று கேட்டு 1887இல் ஒரு கட்டுரையும் எழுதினார். 1890இல் வீரர்கள் தாங்களே முதலீட்டாளர்களைச் சேர்த்து பிளேயர்ஸ் லீக் என்ற பெயரில் ஒரு லீக் தொடங்கினார்கள். சிறந்த வீரர்களில் பெரும்பாலானோர் அங்கே போனார்கள். நஷனல் லீக்கை விட அதிகம் பேர் பார்க்கவும் வந்தார்கள். ஆனாலும் இரண்டு பக்கமும் நட்டம். சீசன் முடிந்ததும் நஷனல் லீக்கின் அல்பேர்ட் ஸ்போல்டிங் தரப்போடு, பிளேயர்ஸ் லீக்குக்குப் பணம் போட்டவர்கள் தனித்தனியாகப் பேரம் பேசிப் பிரிந்தார்கள். வீரர்கள் பழைய முதலாளிமாரிடமும் பழைய ஒப்பந்தத்துக்கும் திரும்பினார்கள். 1891 முடிவில் அமெரிக்கன் அசோசியேசனும் செத்தது, அதன் நாலு கழகங்களை நஷனல் லீக் விழுங்கியது.

1901இல் பான் ஜோன்சனின் அமெரிக்கன் லீக் வந்தது. நஷனல் லீக்கின் சம்பள உச்சம் 2,400 டொலராக இருந்த காலம், அதைவிடக் கூடக் கொடுத்து ஆட்களை எடுத்தார்கள். நாப் லாஜொய் போன்ற பெரிய துடுப்பாட்டக்காரர் தாண்டிப்போனதால் வழக்கு பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் வரை போனது. 1903இல் சமாதானம். இந்தமுறை போட்டி லீக் அழியவில்லை, பங்காளியானது. அந்த வருடம்தான் இரண்டு லீக்கின் சம்பியன்களும் மோதும் நவீன வேர்ல்ட் சீரிஸ் தொடங்கியது. சமாதான உடன்படிக்கையில் முக்கியமான வாசகம் என்ன தெரியுமா? மறுபடியும் அதே ரிசேர்வ் விதி.

1914, 1915இல் ஃபெடரல் லீக் வந்தது. அது இருந்த இரண்டு வருடமும் வீரர்களின் சம்பளம் ஏறியது, அது போனதும் இறங்கியது. அதன் முதலாளிமாரில் சிலருக்குப் பெரிய லீக் கழகங்கள் கொடுக்கப்பட்டன, சிலருக்குக் காசு கொடுக்கப்பட்டது. தனக்குத் தந்த பங்கை ஏற்காத பல்டிமோர் கழகம் வழக்குப் போட்டது. 1922இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்போல் ஆட்டங்கள் மாநிலங்களுக்கு இடையிலான வர்த்தகம் அல்ல, எனவே ஏகபோகத் தடைச் சட்டம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பின் நிழலில் ரிசேர்வ் விதி 1975 வரை உயிரோடு இருந்தது. 1879இல் இருந்து எண்ணினால் 96 வருடம்.

1922 தீர்ப்பையும் 2005 தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று லீக்கைப் பார்த்து நீ வர்த்தகம் அல்ல என்றது. மற்றது சபையைப் பார்த்து நீ அரசு அல்ல என்றது. சட்டம் வேறு வேறு, கேள்வியும் வேறு. ஆனால் விளையாடுகிறவனுக்குக் கிடைத்தது ஒன்றுதான்: போய் முறையிட ஒரு வாசல் குறைந்தது.

இந்தியாவில் அந்தப் பக்கம் கொஞ்சம் வெளிச்சம் வந்தது ஐ.சி.எல் செத்த பிறகுதான். 2013இல் இந்தியப் போட்டி ஆணைக்குழு, சபைக்கு 52.24 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. ஐ.பி.எல்லுக்குப் போட்டியாக வேறு தனியார் லீக்கை அங்கீகரிக்கமாட்டோம் என்று ஒளிபரப்பு ஒப்பந்தத்தில் சபை எழுதிக்கொடுத்திருந்ததுதான் குற்றம். மேன்முறையீட்டில் அது ரத்தாகி, 2017இல் அதே தொகையை ஆணைக்குழு மறுபடியும் விதித்தது. ஐ.சி.எல்லில் விளையாடினவர்களுக்கு அதில் ஒரு சதமும் சேராது.

பில் கட்டினது ஆர்?

இவ்வளவும் வாசித்தபிறகு எனக்கு விளங்கினது இதுதான். போட்டி லீக் தோற்றது எண்டு சொல்லுறது பாதி உண்மை. அதன் யோசனைகள் தோற்பதில்லை. பியரும் ஞாயிறு ஆட்டமும் பிறகு நஷனல் லீக்குக்கே வந்தன. ஃபெடரல் லீக்குக்காக 1914இல் சிக்காகோவில் கட்டிய மைதானம்தான் இன்றைக்கும் ஆட்டம் நடக்கிற ரிக்லி ஃபீல்ட். ஐ.சி.எல் காட்டிய நகர அணி, வெளிநாட்டு வீரர், ரீவிக்கு ஏற்ற இரவு ஆட்டம் எல்லாம் ஐ.பி.எல்லில் இன்னும் பளபளப்பாக வந்தன. முதலாளிமாரும் பெரும்பாலும் தோற்பதில்லை. லூக்காஸுக்கு ஒரு இடம் கிடைத்தது, பாக்கருக்கு உரிமை கிடைத்தது. சந்திராவுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனால் அவரிடம் தொலைக்காட்சி இருந்தது.

தாண்டிப்போன வீரன்தான் கணக்குத் தீர்க்கிறான்.

அம்பத்தி ராயுடுவைப் பாருங்கள். 2004இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தில் இந்தியாவின் தலைவர். 2007இல் ஐ.சி.எல் போகும்போது வயது இருபத்திரண்டுதான். 2009இல் சபை 79 இந்திய வீரர்களுக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்தபோது திரும்பிவந்தார். இந்தியாவுக்காக முதல் மட்ச் விளையாட 2013 ஆகியது. அவருக்காவது அது கிடைத்தது. திரும்பிவந்து அடையாளமே இல்லாமல் போனவர்கள் அந்த 79இல் நிறைய. 'மன்னிப்பு' என்ற சொல்லையும் கவனியுங்கள். கிரிக்கெட் விளையாடினதுக்கு மன்னிப்பு! கபில் தேவே 2012இல் ஐ.சி.எல்லில் இருந்து விலகிவிட்டேன் என்று கடிதம் கொடுத்துத்தான் சபையோடு சமாதானமாக வேண்டியிருந்தது.

டாக்கா வாரியர்ஸுக்கு விளையாடப்போன ஹபிபுல் பஷர் உள்ளிட்ட வங்கதேச வீரர்களுக்கு அவர்களின் சபை 10 வருடத் தடை போட்டது. நியூசிலாந்தின் ஷேன் பொண்ட் தன் நாட்டு ஒப்பந்தத்தை இழந்தார். எங்கட பக்கம் மார்வன் அத்தபத்து, ரஸல் ஆர்னோல்ட், உபுல் சந்தன, அவிஷ்க குணவர்தன போன்றவர்கள் போனார்கள். அத்தபத்து 2007 நவம்பரில் ஹோபார்ட் டெஸ்ட்டோடு ஓய்வுபெற்று டெல்லி அணிக்குத் தலைவரானார். 2014இல் அதே அத்தபத்து இலங்கை அணியின் தலைமைப் பயிற்சியாளர். ஆர்னோல்டின் குரலை இன்றைக்கும் வர்ணனையில் கேட்கிறோம். துரோகம் எண்டு சொன்னது தேவை வந்தவுடன் அனுபவமாகி விடுகிறது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். இலங்கைக்குத் தடை புதிசா? 1982இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போன அரோசா அணி இருக்கே? உண்மைதான். இலங்கையின் முதலாவது டெஸ்ட் தலைவர் பந்துல வர்ணபுர தலைமையில் போன அந்த 14 பேருக்கும் 25 வருடத் தடை விழுந்தது, பிறகு இடையில் நீக்கப்பட்டது. ஆனால் இரண்டையும் ஒன்றாக வைக்க எனக்கு மனமில்லை. அன்றைக்குத் தென்னாப்பிரிக்கா தோலின் நிறத்தைப் பார்த்து மனிசரைப் பிரித்த நாடு. அங்கே விளையாடுவது அந்த ஆட்சிக்கு முகம் கொடுக்கும் வேலை. நிறம், இனம் பார்த்துப் பிரிக்கிறது என்னெண்டு எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அந்தத் தடைக்குப் பின்னால் ஒரு நியாயம் இருந்தது. ஐ.சி.எல் தடைக்குப் பின்னால் இருந்தது சந்தை. ஆனால் இரண்டுக்கும் எடுத்த தடி ஒன்று. நியாயத்துக்காகச் செய்த தடியை வியாபாரத்துக்கும் பாவிக்கலாம் எண்டு சபைகள் கண்டுபிடித்ததுதான் பிரச்சினை.

சபைகள் பக்கமும் ஒரு வாதம் இருக்கு, அதையும் சொல்லவேண்டும். பள்ளிக்கூட கிரிக்கெட், வயதுப்பிரிவு அணிகள், சின்னச் சின்ன மைதானங்கள், நடுவர் பயிற்சி எல்லாத்துக்கும் செலவழிப்பது சபை. தனியார் லீக் வந்து கனிந்த பழத்தை மட்டும் பிடுங்கினால் மரத்துக்கு ஆர் தண்ணி ஊத்துறது? நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் பங்கு கேட்பது, வரி கேட்பது. பழத்தைத் தண்டிப்பது அல்ல. 1977இல் பாக்கரோடு சேர்ந்தவர்களைத் தடைசெய்யப் பார்த்தபோது இங்கிலாந்தின் நீதிபதி ஸ்லேட் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: அது ஒருவனுடைய தொழிலைச் செய்யவிடாமல் தடுப்பது.

கணக்கில் சேர்ப்பது

அமெரிக்காக்காரர் ஒரு விசயத்தில் எங்களை விட நல்ல வேலை செய்திருக்கினம். 1969இல் பேஸ்போல் பதிவுகளை ஒழுங்குபடுத்த ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழு அமெரிக்கன் அசோசியேசன், ஒரே சீசன் ஓடிய யூனியன் அசோசியேசன், பிளேயர்ஸ் லீக், ஃபெடரல் லீக் நாலையும் பெரிய லீக் என்று ஏற்றுக்கொண்டது. உயிரோடு இருந்தபோது எதிரி, செத்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு வரலாறு. அந்தக் குழு அன்றைக்கு விட்ட ஒரு பெரிய பிழை, கறுப்பின வீரர்களின் லீக்குகளைப் பற்றி யோசிக்காமலே விட்டது. நிறத்தால் வெளியே தள்ளப்பட்ட அவர்கள் 1920 முதல் நடத்திய லீக்குகளையும் 2020 டிசம்பரில் பெரிய லீக் என்று ஏற்றுக்கொண்டார்கள். நூறு வருடம் பிந்தித்தான். எண்டாலும் சேர்த்தார்கள்.

ஐ.சி.எல்லுக்கு அப்படி ஒரு குழு இல்லை. 79 பேருக்கும் மன்னிப்புக் கிடைத்தது, அவர்கள் அடித்த ஓட்டங்களுக்குக் கிடைக்கவில்லை. இன்றைக்கு ஒரு வீரன் வெளிநாட்டு லீக் போக வேண்டுமென்றால் தன் நாட்டுச் சபையிடம் ஆட்சேபனை இல்லை என்ற கடிதம் எடுக்க வேண்டும். இந்திய ஆண் வீரர்களுக்கு ஓய்வுபெறும் வரை அந்தக் கடிதம் வெளிநாட்டு ரி20 லீக்குகளுக்குக் கிடைப்பதில்லை. அங்கீகாரமில்லாத கிரிக்கெட்டுக்கென்று சர்வதேச சபையே விதி வைத்திருக்கிறது. ரிசேர்வ் விதியின் பெயர் மாறியிருக்கு, அவ்வளவுதான்.

கடைசியா, அண்ணன் ஏன் அந்தக் கேள்வி கேட்டார் எண்டதையும் சொல்லவேணும். 2007இல் அவர் பள்ளிக்கூடப் பொடியன், வேகப்பந்து வீசுறவர். கறண்ட் இருக்கிற நேரம் பார்த்து அந்த லீக்கைப் பார்த்தவர். சில வருசம் கழிச்சு எங்கட பக்கம் ஒரே மாதத்தில் ரெண்டு மென்பந்துச் சுற்றுப்போட்டி வந்தது. ஒரு கழகத்தில் கோவிச்சுக்கொண்டு பிரிஞ்ச ஆக்கள் தனியா ஒன்று வைத்தார்கள். பெயர்கள் வேண்டாம், எல்லாரும் தெரிஞ்ச ஆக்கள். பிரிஞ்சவர்களின் போட்டியில் அண்ணன் ஒரு நாள் விளையாடினார். கிடைத்தது சாப்பாடும் ஆயிரம் ரூபாயும். தாய்க்கழகம் அவரை ரெண்டு வருசம் விளையாட விடவில்லை. அந்த ரெண்டு வருசத்துக்குள்ளேயே ரெண்டு தரப்புத் தலைவர்மாரும் ஒரு கலியாண வீட்டில கதைச்சுச் சமாதானமாகி, கூட்டாக ஒரு போட்டி வைத்தார்கள். நோட்டீசில் ரெண்டு பேரின் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததாம். அண்ணனின் தடையை நீக்க மட்டும் ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. தடை முடியிறதுக்குள்ள அவர் வேலைக்கு கட்டார் போயிட்டார்.

அண்டைக்கு எத்தனை விக்கெட் எடுத்தனீங்கள் எண்டு இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கேட்டேன். யோசிக்காமலே சொன்னார்: "நாலு. கடைசி ஓவரில ரெண்டு."

அந்த ஸ்கோர் கொப்பி இப்ப ஒருத்தரிட்டயும் இல்லை. அதனால இங்க எழுதிவைக்கிறன்: நாலு விக்கெட், கடைசி ஓவரில ரெண்டு. உங்கட ஊரிலயும் இப்படிக் கணக்கில சேராத ஓட்டம், விக்கெட் கட்டாயம் இருக்கும். விளையாடின ஆக்கள் இருக்கேக்கயே கேட்டு எழுதிவையுங்கோ.